தெய்வம் நின்று கொல்லும் வரை

'அரசன் அன்று கொல்வான். தெய்வம் நின்று கொல்லும்' என்பது படித்தவரும் படிக்காதவரும் ஒருங்கே சொல்லும் பழமொழி. தீயவன் தப்பிவிட்டதைக் கண்டு மனம் வெதும்பும் எளியவனுக்கு அது ஆறுதல் தருகிறது. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அப்பழமொழியில் விடை இல்லை. அன்றே கொல்ல வேண்டிய அரசனே கொலைக்குக் காரணமாக இருந்தால் என்ன செய்வது? தெய்வம் நின்றுகொண்டிருக்கும் அந்த இடைக்காலம் பத்தாண்டுகளாகவும் இருக்கலாம், ஒரு முழு ஆயுளாகவும் இருக்கலாம். அதுவரை அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களின் கடமை என்ன?

இவ்வினாக்களை அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியவை தத்துவ நூல்கள் அல்ல, சில ஆவணப்படங்கள். பெருங்கொலைகளில் பங்குகொண்டும் எந்த நீதிமன்றத்தின் படியையும் மிதிக்காமல் முதுமை எய்தியவர்களை அவர்களுடைய வீட்டிலேயே சந்தித்து, 'நீங்கள் செய்தது என்ன?' என்று கேட்கும் படங்கள் அவை.

இந்தோனேஷியாவில் 1965-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1966-இலும் இராணுவத்தின் துணையோடு நடந்த படுகொலைகளில் குறைந்தது 5 லட்சம் பேர் மாண்டனர். கம்யூனிஸ்டுகள், அல்லது அவர்களோடு தொடர்புடையவர்கள் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். கொன்றவர்கள் விசாரிக்கப்படவில்லை, பலர் தத்தம் ஊர்களில் மதிப்பிற்குரிய பெரியவர்களாகவே வாழ்ந்தனர். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் என்ற இயக்குநர் சுமத்ரா தீவின் மேடான் நகருக்குச் சென்று, அன்வர் காங்கோ என்ற முதியவரிடம், அவர் செய்த கொலைகளை அவர் விரும்பிய விதத்திலேயே நடித்துக் காட்டும்படி கேட்டார். அன்வர் மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு நடித்தார். இரத்தம் அதிகம் சிந்தாமலிருக்கக் கம்பியால் கழுத்தை இறுக்கிய முறையை மொட்டைமாடியில் நின்று செய்து காட்டினார். அங்கேயே நடனமும் ஆடினார். 2012-இல் வெளிவந்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' என்ற அப்படத்தின் பிற்பகுதியில் அவரே கொல்லப்படுபவனாக நடிக்கிறார். அந்த நடிப்பை அவரால் தொடர முடியவில்லை. இறுதியில் அதே மொட்டைமாடியில் அவருக்குக் குமட்டுகிறது. வயிறு புரள்கிறதே தவிர, எதுவும் வெளிவருவதில்லை.

அதே இயக்குநரின் இரண்டாம் படமான 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' 2014-இல் வந்தது. முதல் படத்தைவிட அமைதியானது. அதனாலேயே முதல் படத்தைவிட ஆழமானது. ஆதி என்பவர் கண்ணுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்பவர். அவருடைய அண்ணன் ராம்லி 1965-இல் கொல்லப்பட்டார்; ஆதி பிறந்தது அதன் பிறகு. கொலையில் பங்குகொண்ட முதியவர்களின் வீடுகளுக்கு அவர் செல்கிறார். கண்ணைச் சோதிக்கிறார், எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறார், அப்படியே மெல்ல, அந்த நாட்களைப் பற்றியும் கேட்கிறார். குரல் உயர்வதில்லை. ஒருவர் 'கடந்தது கடந்துவிட்டது' என்கிறார். மற்றொருவர் ஆறிய புண்ணைக் கிளறாதே என்கிறார். இன்னொருவர் மறைமுகமாக மிரட்டுகிறார். ஆதியின் தாய்மாமனே ராம்லி அடைபட்டிருந்த சிறைக்குக் காவல் இருந்தவர் என்பது ஓரிடத்தில் வெளிப்படுகிறது. 'நான் காவல்தானே இருந்தேன், கொல்லவில்லையே' என்னும் கருத்தில் அவர் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

ஒரு வீட்டில் மட்டும் வேறொன்று நிகழ்கிறது. நினைவு தளர்ந்த ஒரு முதியவர், தாம் கொன்றவர்களின் இரத்தத்தைக் குடித்ததாகச் சொல்கிறார். அருகில் அமர்ந்திருக்கும் மகள் அதை அதுவரை கேட்டதில்லை. அவள் முகம் மாறுகிறது. தந்தையை மன்னித்துவிடுமாறு ஆதியிடம் அவள் வேண்டுகிறாள். தங்களைக் குடும்பத்தினராகக் கருதும்படி கேட்கிறாள். ஆதி அந்த முதியவரைத் தழுவிக்கொள்கிறார். இரு படங்களிலும் இதற்கு ஈடான காட்சி இல்லை எனலாம். குற்றம் செய்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதில் எப்பங்கும் இல்லாத மகள் கேட்டாள்.

இத்தகைய படங்களைப் பற்றி ஓர் ஐயம் எழுவது நியாயமே. கொலைகாரனுக்கு மேடை அமைத்துக் கொடுப்பது எவ்வகை அறம்? அவன் பேசுகிறான், செத்தவர்கள் பேச முடியாது. மேலும், கேமரா முன்னால் வந்த குமட்டல் மெய்யா, நடிப்பா?

தர்ம சாஸ்திரங்களில் பிராயச்சித்தத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நுட்பம் இங்கே உதவும். பாவம் செய்தவன் அதிலிருந்து விடுபடும் வழிகளை எண்ணும் மனு ஸ்மிருதி, தவத்தையும் வேதம் ஓதுதலையும் சொல்வதற்கு முன்பே இரண்டைச் சொல்லிவிடுகிறது. ஒன்று க்யாபனம்: செய்ததைப் பிறர் அறியத் தானே வாய்விட்டுச் சொல்லுதல். மற்றது அனுதாபம். (இன்றைய தமிழில் இச்சொல் இரக்கம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே அதன் பொருள், செய்ததை எண்ணித் தனக்குள் வேகுதல்.) இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதில் பொருள் உண்டு. அனுதாபம் இல்லாத க்யாபனம் பெருமையடித்தலாகிவிடும். அன்வர் காங்கோ முதலில் செய்தது அதுதான். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபோது, கைதானவர்களைக் கொல்லும் காட்சிகளை வீரர்களே தங்கள் கைப்பேசிகளில் பதிவு செய்து வைத்திருந்தனர். 2013-இல் வந்த 'நோ ஃபயர் ஸோன்' என்ற படம் அத்தகைய பதிவுகளையும் சாட்சியாகக் கொண்டது. அதுவும் ஒருவகையில் வெளிப்படச் சொல்லுதலே. ஆயினும் வெற்றிக் களிப்பில் சொன்னது. மறுபுறம், க்யாபனம் இல்லாத அனுதாபம், எவரும் அறியாத உள்வேதனை. அதனால் செத்தவனின் தாய்க்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்பதுகூட அவளுக்குத் தெரியப்போவதில்லை.

கேமரா அனுதாபத்தை உண்டாக்க முடியாது. அது அந்தக்கரணத்தின் வேலை. க்யாபனத்துக்கு ஒரு வாயிலைத் திறந்துவைக்க மட்டும் அதனால் முடியும். ஆகவே அன்வரின் குமட்டல் மெய்யா என்ற கேள்விக்கு விடை காண வேண்டிய அவசியம் பார்ப்பவர்க்கு இல்லை. அது அவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. அவர் 2019-இல் காலமானார். ஆனால் அவர் செய்தது என்ன என்பது இப்போது ஊரறிந்தது. அதை இனி எவரும் இல்லையென்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் இந்தோனேஷியாவின் அன்றைய குடியரசுத் தலைவர் ஜோகோ விதோதோ, 1965–66 படுகொலைகள் உள்ளிட்ட பன்னிரண்டு பெரும் உரிமை மீறல்கள் நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பல ஆண்டுகளாகப் பலர் விடாமல் கேட்ட கேள்விகளின் பயன் அது.

தொலைதூர நாட்டின் கொலைகாரனைக் கண்டிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆகவே இதே கேள்வியை அருகிலுள்ள ஒரு நிலத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழகம். பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர, மக்கள் மாறுவதில்லை. இருபுறமும் ரப்பர் தோட்டமும் மரச்சீனித் தோட்டமும்தான். இங்கே தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடியும். அங்கே மலையாளத்தில் தொடங்கியது தமிழில் முடியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கல்லைக் கேட்டு நடப்பதில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில்தான் 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்து, சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்று எழுதி வைத்தார். குரு தவம் செய்த மருத்துவாமலை இன்று தமிழகத்தில் இருக்கிறது. தமிழிலும் பாடியவர் அவர்.

இந்த நிலத்தில், பதினாறு ஆண்டு இடைவெளியில், இரண்டு துப்பாக்கிச் சூடுகள் நடந்தன.

முதலாவது 1938-இல். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரி ஸ்டேட் காங்கிரஸ் ஆகஸ்ட் 26-ஆம் நாள் சட்டமறுப்பைத் தொடங்கியது. அதன் தலைவர் பட்டம் தாணு பிள்ளை சிறைப்பட்டார். ஆகஸ்ட் 31-ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் உள்ளூர்த் தலைவர் என். கே. பத்மநாப பிள்ளை கைதானதை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது சமஸ்தானப் படை சுட்டது. பின்னாளில் வீரராகவன் என்று மக்கள் பெயரிட்டு அழைத்த இளைஞர் ராகவன் உள்ளிட்ட எழுவர் மாண்டனர்.

இரண்டாவது 1954-இல். அப்போது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அக்கோரிக்கையில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இருந்தது. ஆகஸ்ட் 11-ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடக் கூடியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, பலர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லை விழுந்தது.

இந்தோனேஷியாவின் லட்சங்களோடு நெய்யாற்றின்கரையின் எழுவரையோ புதுக்கடையின் உயிர்களையோ ஒரே தராசில் வைப்பது தவறு. அளவு வேறு, சூழல் வேறு. ஆயினும் கேள்வி ஒன்றே: சுட்டவனும் சுடச் சொன்னவனும் பதில் சொல்லாமல் போனால், அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு?

இங்கே ஒரு செய்தி மனத்தைத் தடுத்து நிறுத்துகிறது. 1954 ஆகஸ்டில் திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சர் யார்? பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் சிறுபான்மை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிய பட்டம் தாணு பிள்ளை. 1938-இல் எந்த இயக்கத்தின் மக்கள் நெய்யாற்றின்கரையில் சுடப்பட்டார்களோ, அந்த இயக்கத்தின் தலைவராகச் சிறை சென்றவர். அன்று துப்பாக்கியின் முன்புறம் நின்ற இயக்கத்தின் தலைவர், பதினாறு ஆண்டுகள் கழித்து அதன் பின்புறம் இருந்த அரசின் தலைவரானார். அவர் கொடியவர் அல்லர். நாட்டுக்காகச் சிறை சென்றவர். ஆகவேதான் இது கடினமான உதாரணம். கொலைக்குக் காரணமாகிறவன் கொம்பு முளைத்த அசுரனாக இருப்பான் என்று எண்ணிக்கொள்வது மனத்துக்குச் சுகமானது. நாற்காலி மாறியதும் துப்பாக்கியின் நியாயமும் மாறிவிடுகிறது என்பதே உண்மை. 'ஒழுங்கைக் காக்க வேறு வழியில்லை' என்ற வாக்கியம் திவானின் வாயிலும் பொருந்தியது. திவானை எதிர்த்தவரின் வாயிலும் பொருந்தியது.

அப்போது அவரைக் கேள்வி கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் ஒரு போராட்டத்துக்காகச் சிறைப்பட்டு நைனி சிறையில் இருந்த லோகியா, அங்கிருந்தே தந்தி அனுப்பினார். அமைச்சரவை பதவி விலக வேண்டும், நீதி விசாரணை நடத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நாட்டில் சோஷலிஸ்டுகளின் கையில் அரிதாகக் கிடைத்த ஆட்சி அது. அதை இழக்கச் சொன்னார். பட்டம் தாணு பிள்ளை விலகவில்லை. கட்சியின் பெரும்பகுதியும் லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. அந்தப் பிளவு வளர்ந்து, 1955-இன் முடிவில் லோகியா தனிக் கட்சி காண்பதில் போய் நின்றது. 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவை வேறு அரசியல் காரணங்களால் கவிழ்ந்தது. பட்டம் தாணு பிள்ளை 1960-இல் கேரள முதலமைச்சரானார். பிறகு பஞ்சாபுக்கும் ஆந்திரத்துக்கும் ஆளுநரானார். உலகியல் கணக்கில் பார்த்தால், கேள்வி கேட்டவருக்கே இழப்பு.

ஆனால் கேட்கும் உரிமை யாருக்கு முதலில் உண்டு என்பதை அந்தத் தந்தி காட்டிவிடுகிறது. எதிரி கேட்டால் அதைப் பகை என்று தள்ளிவிடலாம். பாதிக்கப்பட்டவன் கேட்டால் பழிவாங்கும் எண்ணம் என்று தள்ளிவிடலாம். தன்னைச் சேர்ந்தவன் கேட்கும்போது தள்ளுவதற்குச் சாக்கு இல்லை. ஆதியின் தாய்மாமன் தடுமாறியதும், அந்த மகளின் முன்னால் முதியவர் சிறுத்துப்போனதும் இதனால்தான். தண்டனை பெறாத குற்றம் உயிரோடிருப்பது குற்றவாளியின் உடம்பில் மட்டும் அன்று. அவனைச் சேர்ந்தவர்களின் மௌனத்திலும்தான்.

1938-ஐப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். அன்று திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசுவாமி ஐயர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தோடு அவர் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது. பக்தர்கள் அதை நன்றியோடு நினைப்பது முறையே. இரண்டே ஆண்டுகளில் அவருடைய நிர்வாகத்தின் கீழ் நெய்யாற்றின்கரையில் எழுவர் வீழ்ந்தனர். 1947-இல் அவர் திருவிதாங்கூரை விட்டு நீங்கினார்; பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்து, 1966-இல் மறைந்தார். நெய்யாற்றின்கரைக்காக எந்த மன்றமும் அவரை விசாரிக்கவில்லை. இத்தகைய இடத்தில் மனம் ஒரு கணக்குப் போடப் பார்க்கிறது: 'அவ்வளவு நன்மை செய்தவர், இதைக் கழித்துக்கொள்ளலாகாதா?' கர்மக் கொள்கை அந்தக் கழித்தலை ஒப்புவதில்லை. புண்ணியத்தின் பலன் வேறு, பாபத்தின் பலன் வேறு. ஒன்று மற்றொன்றை அழிக்காது. இரண்டையும் தனித்தனியே அனுபவித்தாக வேண்டும் என்பதே பெரியோர் கொண்ட முடிவு. நூறு ரூபாய் தானம் செய்தவன், ஐம்பது ரூபாய் திருடியதைத் தன் தானத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அதே நியதி மறுபக்கமும் செல்லும்: நெய்யாற்றின்கரையைச் சொல்லிக் கோயில் கதவு திறந்ததை இல்லையென்று ஆக்கவும் முடியாது.

கர்மக் கொள்கையைச் சொல்லும்போதே அதன் தவறான பயன்பாட்டையும் பேச வேண்டியிருக்கிறது. 'அவரவர் வினை அவரவர்க்கு. சுட்டவன் அடுத்த பிறவியில் அனுபவிப்பான், செத்தவன் முற்பிறவியில் ஏதோ செய்திருப்பான். இடையில் நாம் யார்?' என்று கூறி ஒதுங்குபவர் பலர். சுவாமி விவேகானந்தர் இவ்வாதத்தை எப்படி எதிர்கொண்டார் என்பது அன்பர்கள் அறிந்ததே. 1897-இல் கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரசாரகர் ஒருவர் அவரைக் காண வந்தார். மத்திய இந்தியாவில் பஞ்சத்தால் லட்சக்கணக்கானோர் மடிவதற்குச் சங்கம் என்ன செய்தது என்று சுவாமிஜி கேட்டபோது, அது மக்களின் கர்மபலன் என்று அவர் பதில் சொன்னார். அப்படியானால் பசுக்களும் தங்கள் கர்மத்தால்தானே கசாப்புக் கடைக்குப் போகின்றன என்று சுவாமிஜி அவரை மடக்கினார். கர்மக் கொள்கை தன் துன்பத்தைத் தான் தாங்கிக்கொள்வதற்காகவும், தன் செயலுக்குத் தான் பொறுப்பேற்பதற்காகவும் சொல்லப்பட்டது. பிறன் துன்பத்தின்மீது அதைப் போர்த்தும்போது அது தத்துவமாக இருப்பதில்லை, கல்நெஞ்சுக்கு மூடுதுணியாகிவிடுகிறது. பார்த்தும் கேளாதிருப்பதும் ஒரு கர்மமே. அதற்கும் பலன் உண்டு.

வேதாந்தத்தின் பெயராலும் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. ஆன்மா கொல்வதுமில்லை, கொல்லப்படுவதுமில்லை. எனவே செய்தவன் யார்? இக்கேள்வியைக் கேட்கத் தகுதி உள்ளவனை அடையாளம் காண்பது எளிது. தன் செயலுக்குரிய புகழையும் பதவியையும் ஓய்வூதியத்தையும் பெற்றுக்கொண்டவன், பழி வரும்போது மட்டும் 'நான் கர்த்தா அல்லன்' என்று சொல்ல முடியாது. கர்த்திருத்துவம் போயிற்றென்றால் இரண்டும் போக வேண்டும். இந்நோய் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1961-இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்ட ஐக்மன், லட்சக்கணக்கான யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பியவர், தாம் காண்ட்டின் கடமைக் கோட்பாட்டின்படி வாழ்ந்ததாகச் சொன்னார். எந்த உயர்ந்த தத்துவமும் கொலைகாரனின் கையில் முகமூடியாகலாம். தத்துவத்தின்மேல் இதனால் குற்றமில்லை. ஆனால் தத்துவம் கற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

அடுத்து, மன்னிப்பு. ஆன்மிக இதழ்களில் இச்சொல் மிக எளிதாக எழுதப்பட்டுவிடுகிறது. பாரதப் போரின் கடைசி இரவில் அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றான். திரௌபதியின் ஐந்து புதல்வர்களும் அதில் மாண்டனர். பாகவதம் சொல்லும் கதையில், அர்ஜுனன் அவனைக் கட்டி இழுத்துவந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான். அவளோ, பிள்ளைகளை இழந்து நான் அழுவதுபோல இவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்று விடுவிக்கச் சொல்கிறாள். நெற்றி மணி பறிக்கப்பட்டு, ஒளியிழந்து அவன் துரத்தப்படுகிறான். இக்கதையைச் சொல்பவர்கள் திரௌபதியின் கருணையை வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் மன்னித்த கணம் எது என்பதையும் பார்க்க வேண்டும். அவன் பிடிபட்டு, செய்தது எல்லோர்க்கும் தெரிந்து, தலை குனிந்து நிற்கும் கணம் அது. தண்டிக்கும் ஆற்றல் அவள் பக்கம் இருந்தது. அதனால்தான் அது மன்னிப்பு. கொன்றவன் ஊர்ப் பெரியவனாகத் திண்ணையில் அமர்ந்திருக்க, செத்தவனின் குடும்பம் அவனைக் கண்டு ஒதுங்கிப் போகும் ஊரில், அந்தக் குடும்பத்திடம் 'மன்னித்து விடுங்கள்' என்று உபதேசிப்பது கருணை ஆகாது. மணி பறிக்கப்படாத நெற்றிக்கு முன்னால் திரௌபதியை மட்டும் தனியே நிறுத்துவது அது.

தமிழகத்திலேயே இதற்குக் கொடிய சான்று உண்டு. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நிலக்கிழார்கள் சிலருக்குக் கீழமை நீதிமன்றம் 1970-இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர்கள் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என அது கருதியது. அவர்களுள் முதன்மையானவர் 1980-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பழி தீர்ந்தது என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியிருந்த வாய் அத்துடன் மூடிவிட்டது, கேள்விதான் மிஞ்சியது. 2005-இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் அந்தக் கேள்வியைத் தமிழர் முன் மீண்டும் வைத்தது.

படுகொலைக்குப் பின் அவ்வூருக்கு வந்த சர்வோதயத் தொண்டர்கள் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வேறொரு வழியில் நிலக்கிழார்களின் எதிரே போய் நின்றார்கள். செத்தவர்களின் இனத்தாருக்கு நிலம் வேண்டும் என்று கேட்டார்கள், மறுத்தபோது சத்தியாகிரகம் செய்தார்கள், விலை பேசினார்கள். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பின் வழியே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு நிலம் வந்தது. பட்டா பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. இதனால் கொலைக்கு நீதி கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொன்ற தரப்பின் வாசலுக்கே பகையின்றிச் சென்று, விடாமல் கேட்கலாம் என்பது மட்டும் தெளிவாயிற்று.

எல்லைக் கிராமங்களில் இனி யாரைப் போய்க் கேட்பது? 1954-இல் இருபது வயதுக் காவலராக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்திருக்கும். சுட்டவர்களும் சுடச் சொன்னவர்களும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பது நினைவு. அதையும் எல்லைக்கல் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெய்யாற்றின்கரையில் வீரராகவன் விடுதலைப் போராட்டத் தியாகி. புதுக்கடையில் 1954-இல் விழுந்தவர்கள் தாய்த்தமிழக இணைப்புத் தியாகிகள். அவரவர் தங்கள் இறந்தோரை மட்டும் எண்ணிக்கொள்வது இயல்பு. அதில் குறை காண முடியாது. இருந்தும், தன் இறந்தோரின் பெயரைச் சொல்வதைக் காட்டிலும், தன்னவர் சுட்டதால் இறந்தவனின் பெயரைச் சொல்வது கடினம். மலையாளம் பேசும் ஒருவர் புதுக்கடையைப் பற்றிக் கேட்பதும், தமிழர் ஒருவர் தம் தரப்புச் செய்த தவறுகளைப் பற்றிக் கேட்பதும் லோகியாவின் தந்தியின் வழியில் வருபவை.

ஆகஸ்ட் 11-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் இருபதே நாள் இடைவெளி. அவற்றை ஒட்டியே ஆடி அமாவாசை வருகிறது. கேரளத்தில் அதைக் கர்க்கடக வாவு என்பார்கள். அன்று அருவிப்புறத்தில் நெய்யாற்றில் இறங்கி மக்கள் பிதுர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார்கள். எல்லைக்கு இப்பால் குழித்துறையில் தாமிரபரணியின் கரையிலும் அதே வாவுபலி. அதை ஒட்டிப் பொருட்காட்சியும் நடக்கும். இரு ஆறுகளிலும் எள்ளும் தர்ப்பையும் நீரும் ஒன்றே. தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று பெயர் சொல்லி விட்டுமுடித்த பிறகு, உறவென்று சொல்ல எவரும் இல்லாதவர்களுக்காகவும் ஒரு கை நீர் விடும்படி சாஸ்திரம் சொல்கிறது. அந்த ஒரு கை நீருக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. விரும்பினால் சொல்லலாம்.